மாப்பிள்ளை காருக்கு ஆயில் கடமையான விவரம்

குளச்சல்,
வியாழக்கிழமை

கண்ணியத்துக்குரிய மாப்பிள்ளை முஹம்மது ஷரீஃப் அவர்களுக்கு மாமா மைதீன் கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமி சுபைதா பேகமும் இங்கே நலம். தம்மாமில் நீங்களும் என் மகள் இர்ஷாதாவும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். அடுத்து நீங்கள் கேட்கப்போவது கார் நலமா என்பது. நலம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் நான் பட்ட பாடு அந்தக் காருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

போனில் எழுதினால் இர்ஷாதா முதலில் படித்து, சிரித்து முடித்த பிறகுதான் உங்களிடம் காட்டுகிறாள். அதனால்தான் சனிக்கிழமை தம்மாம் திரும்புகிற நம் தெருக்காரரிடம் ஏத்தன் வாழைக்காய் வற்றலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். வற்றலை அவளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து படிக்கவும். காரை உங்கள் தம்பி நஸீமிடம் ஒப்படைத்துவிடும்படி நீங்கள் சொன்னதாகச் சொன்னாள். தாராளமாக ஒப்படைக்கிறேன். வண்டி உங்களுடையது, தம்பியும் உங்களுடையவர். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இரண்டு நாளாகத் தூக்கம்தான் இல்லை. சாவி கைமாறும் முன் என் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் கேட்டுவிட வேண்டும்.

லீவு முடிந்து போகும்போது விமான நிலைய வாசலில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவே இல்லை. "மாமா, பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லன்னா ஒரு வருஷம். ஆயிலை மட்டும் மாத்திருங்கோ." வருடம் நிறைந்த அன்று அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு நேராகப் போய் மீட்டரைப் பார்த்தால் மூவாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கிறது. நான் யோசித்தேன். நமக்கு ஏழைவரியான ஜகாத் எப்போது கடமையாகிறது? பொருள் உரிய அளவை எட்டியிருக்க வேண்டும், அதன்மேல் ஒரு வருடமும் கடந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கடமை இல்லை. இங்கே வருடம் ஆகிவிட்டது, அளவு ஆகவில்லை. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் எடைமேடையிலேயே காலத்தைக் கழித்தவன் நான், அளவு சேராமல் ஒரு லாரியையும் வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவன் பாதிகூட உழைக்காத ஆயிலை வடித்துக் கொட்டுவேனா? வீண் விரயத்துக்கு மறுமையில் பதில் சொல்லப்போவது நானா, நீங்களா? ஆகவே ஆயில் இன்னும் கடமையாகவில்லை என்று முடிவு செய்து, காரைத் துடைத்து, உறையைப் போட்டு மூடிவிட்டேன்.

மூடிவிட்டேனே தவிர மனம் மூடவில்லை. கடமை பாக்கி நிற்கிற வீட்டில் சோறு இறங்குமா? ஆலையில் என்னோடு வேலை பார்த்த நாராயணபெருமாளிடம் சொன்னேன். அவர், "ஓய், ஓட்டினாத்தானே கிலோமீட்டர் ஏறும்? மூடி வச்சு அடைகாத்தா முட்டையா இடும்?" என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. அன்றைக்கே உறையை எடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் நாராயணபெருமாளே பொறுப்பு. ஒரு வாழைக்குலை வாங்குவதற்காகக் கருங்கல் சந்தைக்குப் போனேன், போன இடத்தில் குறுகலான ரோட்டில் எதிரே பஸ் வந்துவிட்டது, டிரைவர் இறங்கி வந்து, "பெரியவரே, நீங்க பின்னால போறியளா, இல்ல நான் மேல ஏறிப் போகட்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார், பின்னால் போனதில் இடப்பக்கக் கண்ணாடி ஒரு மதிலோடு தங்கிவிட்டது, சரி மலைப்பக்கம் போனால் ரோடு காலியாக இருக்கும் என்று குலசேகரம் போனேன், கூட வந்த நாராயணபெருமாள் அங்கே தன் சம்பந்தி வீட்டு ரப்பர் ஷீட்டைப் பாதி டிக்கியிலும் மீதியைப் பின்சீட்டிலும் ஏற்றிவிட்டார், அந்த நாற்றம் போக மாமி சாம்பிராணி போட்டாள், இப்போது இரண்டும் சேர்ந்து மணக்கிறது, அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அஃப்ஸானாவின் குழந்தைக்கு முடியிறக்கும் அகீகா விருந்துக்கு ஆடு ஏற்றப் போனால் அந்த ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு ஏற மாட்டேன் என்றது, நாலு பேர் தூக்கி உள்ளே வைத்த கோபத்தில் சீட் கவரின் ஓரத்தைத் தின்றுவிட்டது. நாலு பேருக்கு உதவியாக இருந்தேன் என்ற ஒரு ஆறுதல் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. இப்போது தெருவே அண்ணன் முறை வைத்து, "காக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம் போறிய?" என்று கேட்கிறது.

மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். ரப்பர் ஷீட் ஏறிய நாளில் நாராயணபெருமாள் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்ள, இவள் முன்னால் வந்தாள். வந்தவள் பிறகு பின்னால் போகவே இல்லை. எனக்கு ஆலையில் ஷிஃப்ட் வேலை. நான் வரும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது நான் தூங்குவேன். நிக்காஹ் முடிந்த நாள்முதல் நாங்கள் அருகருகே உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசியது இந்தக் காரில்தான். அவளுக்கு மலை பிடிக்கும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். "கேட்டியளா, அந்த அடுத்த வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்புவமே" என்பாள். அங்கே போனால் அதற்கும் அடுத்த வளைவு என்பாள். மருமகனிடம் மாமனார் எழுதக்கூடிய விஷயமா இது? எழுதிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது, மேலே போகிறேன்.

போன வாரம் மூன்று பேருமாகக் குலசேகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். கருங்கல் ஊருக்குள் நுழையும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாகச் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. மூக்கு நீண்டு, நுனியில் ஒரு சொட்டு எண்ணெயோடு பார்க்க லட்சணமாக இருந்தது. "விளக்கு எரிஞ்சா ஐசுவரியமாக்கும், நீரு ஓட்டும்" என்றார் நாராயணபெருமாள். "ஐசுவரியம் ஏன் சிவப்பா எரியுது? நிறுத்துங்கோ" என்றாள் மாமி. பக்கத்திலேயே இருந்த மெக்கானிக் ஷாஜனின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். அவர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் கருப்பட்டிப் பாகு போல ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது. "மாமா, இது ஆயில் இல்ல, தாரு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா எஞ்சின் ஜாமாயிருக்கும்" என்றார். நான் மீட்டரைப் பார்த்தேன். பத்தாயிரத்துக்கு இன்னும் நூறுகூட இல்லை. "ஷாஜன், திற்பரப்பு வரைக்கும் ஒரே ஓட்டம் போயிட்டு வந்துருதேன், அளவு முழுசாயிரும்" என்றேன். அவர் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. எஞ்சின் தப்பிவிட்டது. சந்தோஷத்தில் இர்ஷாதாவைப் போனில் கூப்பிட்டு ஜகாத் கணக்கை விளக்கினேன். அவள், "வாப்பா, ரெண்டுல எது முந்துதோ அப்பவே மாத்தணும். வருஷம் ஆன அன்னைக்கே மாத்தியிருக்கணும்" என்றாள். அந்தச் சவூதி வெயிலில் நின்று நீங்கள் உழைத்து வாங்கிய வண்டியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும், மாப்பிள்ளை. நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சாவியை நஸீமிடம் கொடுத்துவிடுகிறேன். என் வயதுக்கு இனி பஸ் போதும். மாமியிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றாள். போய் உறையை எடுத்துக் காரை அவளே மூடினாள்.

வல்ல நாயன் உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், உங்கள் இருவர் குடும்ப வாழ்வில் தேய்மானம் இல்லாத ஓட்டத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா,
மைதீன் கனி

பி.கு.: வெள்ளிக்கிழமை மாலை எழுதுவது. நஸீம் தம்பி வந்தார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசலுக்குப் போனேன். அப்போதுதான் ஒரு மஸ்அலா, அதாவது மார்க்கச் சட்டப் பிரச்சினை, நினைவுக்கு வந்தது. பழைய ஆயிலின் கணக்குத் தப்பாகிவிட்டது, வாஸ்தவம். ஆனால் புது ஆயிலின் வருடம் என்னிடமல்லவா தொடங்கியிருக்கிறது? நடுவில் கைமாறினால், ஜகாத்தில் போலவே, வருடம் முறிந்துவிடாதா? நஸீமிடம் கேட்டேன், பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டார். எனவே வருடம் நிறையட்டும், சாவியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த முறை கிலோமீட்டர்தான் முந்தும் போலிருக்கிறது. மாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள்.