எட்டு வாட்ஸ் ஹீட்டர்

பல்செட் செய்யும் நம்மவருக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. பாட்டுக் கேட்க ஆசை ஆசையாய் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயரோடு அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், "என்னங்க இது, பெட்டி மேல நாலு பல்பு?" என்று மனைவி கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"ஹீட்டர்மா. காலையில கை விறைச்சுப் போயி நீ தைக்கவே முடியலைங்கிறியே, அதான்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று. ஸ்பீக்கரை என்ன சொல்லி உள்ளே கொண்டுவருவது என்று அடுத்த வாரம் யோசித்துக்கொள்ளலாம்.

மறுநாள் பட்டறையில் யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"உங்க ஹீட்டரைப் போட்டிருக்கேங்க. கதகதன்னு இருக்கு."

ஸ்பீக்கர் மாட்டாமல் ஓடவிட்டால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அணைச்சிடு! உடனே அணைச்சிடு!"

"ஏன்? ஹீட்டர்தானே?"

"ஆமா... ரொம்ப சூடு உடம்புக்கு ஆகாது!"

"எனக்கு இதமாத்தான் இருக்கு," என்று போனை வைத்துவிட்டாள்.

நம்மவர் ஓடினார். செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தையல் அறைக் கதவைத் தள்ளினால் புகையும் இல்லை, கருகல் நாற்றமும் இல்லை. பாட்டு! தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் வால்வுகள் சமர்த்தாக எரிய, மனைவி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்து, அவர் அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"கையில என்னங்க?"

பார்த்தார். மேல்வரிசை.

"பாவம், அந்த மனுஷன் மத்தியானம் எப்படிச் சாப்பிடுவாரு?"

"அது கெடக்கட்டும். ஸ்பீக்கர் ஏது?"

"பெட்டிக்கு அடியில கடை நம்பர் இருந்துச்சு. ஹீட்டர்ல சூடு பத்தலையேன்னு காலையிலயே கேட்டேன். கடைக்காரர் அலறி அடிச்சுக்கிட்டு இதைக் கொண்டுவந்து மாட்டிட்டுப் போனாரு. உங்க பெட்டி வெறும் எட்டு வாட்ஸாம், தனியா குரலே எழும்பாதாம். அது முணுமுணுத்தாலும் தெருவுக்கே கேக்கிற மாதிரி எடுத்துச் சொல்ற ஸ்பீக்கர்தான் பொருத்தமாம். எங்க வீட்டுலயும் அதே பொருத்தம்தான்னு சொன்னேன், சிரிச்சாரு."

நம்மவரும் சிரித்துவிட்டார். ஆம்ப்ளிஃபயர் பிழைத்தது, ஸ்பீக்கர் தானாக வந்தது, இனி பொய்யும் தேவையில்லை. பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"சரி, இதை ஹாலுக்குக் கொண்டுபோயிடறேன்."

"தொடாதீங்க! என் கை விறைக்குதேன்னு என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த ஹீட்டர் அது. உங்களுக்கு வேணும்னா வாசப்படியில நின்னு குளிர் காஞ்சுக்குங்க."