பட்ஜெட் டிஜேவும் நீண்ட ஜெபமும்

‘புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, வீட்டு உபயோகத்துக்கு, குறைந்த பட்ஜெட்டில் டிஜே கருவி’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி நாற்பது வீடியோ பார்த்துத்தான் என் தங்கை ஷீபாவின் நிச்சயதார்த்தத்தை நான் சந்தி சிரிக்க வைத்தேன். (நாற்பதில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் தனி.)

நாங்கள் மூன்று தலைமுறையாக, தெருவெல்லாம் ஹிந்தி புழங்கும் திருமுல்கேரிவாசிகள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாகர்கோவில். மாப்பிள்ளையின் அப்பா அங்கே சபை மூப்பர். பெண் வீட்டார் குத்தாட்டம் போட்டார்கள் என்பதற்காகவே ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று எழுந்து வந்தவர்.

“அண்ணா, மெதுவா கீபோர்டு மியூசிக் மட்டும் போடு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, கெடுத்துடாதே” என்றாள் ஷீபா.

“ஹவ், ஹவ்” என்று எங்கள் ஊர் பாஷையில் ஆமாம் போட்டேன்.

“ஹவ் ஹவ்னு தலையாட்டாதே. ப்ராமிஸ் பண்ணு.”

பண்ணினேன்.

கோட்டி பஜாரில் ஒரு சந்துக்கடையில் ஒரே விலைக்கு இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று சின்னக் கறுப்புப் பெட்டி. ஸ்பீக்கருக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என்று அதில் தனித்தனி வழி உண்டு. டிஜே என்பவன் அடுத்த பாட்டைத் தன் காதில் மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு விடுவான். அதற்குத்தான் இரண்டு வழி. மற்றது அதைப்போல இரண்டு மடங்கு பெரிது. சக்கரங்கள் நீல நிறத்தில் ஜொலித்தன. ஹெட்போன் மாட்ட இடமே கிடையாது. நான் எதை வாங்கியிருப்பேன் என்று கேட்கவும் வேண்டுமா?

“ஹெட்போனை எங்கே மாட்டுறது?” என்று மட்டும் கேட்டேன்.

“டென்ஷன் நக்கோ, பாய்” என்று கவலை வேண்டாமெனக் கையசைத்த கடைக்காரர், லேப்டாப்பில் செருகும் இரட்டை வாய் வயர் ஒன்றை இனாமாகக் கொடுத்தார். ஒரு வாயில் ஸ்பீக்கர், மறு வாயில் ஹெட்போன். இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும் என்று அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை. இன்ஜினியரிங் படித்த எனக்கும் உறைக்கவில்லை.

வீட்டில் பழகும்போதாவது தெரிந்திருக்க வேண்டும். “கைக்குடா, எதுக்குடா இந்தத் தலைவலி? ஸ்பீக்கர் போட்டே, காலை ஒடிச்சிடுவேன்” என்று அப்பா மிரட்டியதால், மூன்று வாரமும் ஹெட்போனிலேயே பழகினேன்.

நிச்சயதார்த்தத்தன்று முதல் அரைமணி நேரம் எல்லாம் அருமையாகப் போனது. மோதிரம் மாற்றுவதற்கு முன் மூப்பர் ஜெபிக்க எழுந்தார். இசையை நிறுத்தினேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் ஜெபம் உலகத்தைப் படைத்த நாளில் தொடங்கியது. நோவாவின் பேழைக்கு வருவதற்குள் எனக்குக் கால் மரத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ரயிலேறிய பிறகு எங்கள் சித்தப்பா பிள்ளைகள் ஆட ஒரு தீன்மார் மேளம் வைத்திருந்தேன். சும்மா காதில் மட்டும் கேட்டுப் பார்ப்போமே என்று ஹெட்போனை மாட்டி ஸ்லைடரை மேலே தள்ளினேன்.

என்ன அடி! நானும் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினேன்.

கண்ணைத் திறந்தால் மொத்தக் கூட்டமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. (ரசிக்கிறார்கள் என்று நினைத்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.) அப்பா பாய்ந்து வந்து ஹெட்போனைப் பிடுங்கியபோதுதான், மேளம் ஹாலையே அதிர வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பதற்றத்தில் கையில் அகப்பட்ட பட்டனையெல்லாம் அமுக்கினேன். நீல விளக்கு சிவப்பானது, மேளம் நிற்கவில்லை. கடைசியில் அப்பா சுவரிலிருந்த ஸ்பீக்கர் பிளக்கையே பிடுங்கினார்.

ஷீபா அழுதுகொண்டிருந்தாள். மோதிரம் இன்னும் பெட்டியில்தான் இருந்தது.

மூப்பர் என்னை உற்றுப் பார்த்தார். “மக்ளே, ஒம் பேரு என்ன?”

“எபினேசர், மாமா.”

“எல்லாரும் கண்ண மூடுங்க” என்றவர், ஜெபத்தை மறுபடியும் உலகம் படைத்த நாளிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் நடுவில் என் பெயரும் வந்தது. “கர்த்தாவே, எபினேசருக்குப் புத்தியைத் தாரும். அதுவரைக்கும் அவன் கையைக் கட்டிப்போடும்.” கூட்டம் மொத்தமும் உரக்க ஆமென் என்றது, அதில் ஷீபாவின் குரல்தான் தனியாகக் கேட்டது. பிரியாணி ஆறிப்போனாலும் மோதிரம் மாற்றினார்கள். கல்யாணம் வரை அவள் என்னோடு பேசவில்லை.

அந்தக் கருவி பரண்மேல் கிடக்கிறது. இனாமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் மூப்பர் ஜெபிக்க எழுந்ததும் முதலில் கேட்பது, “எபினேசரு, வயர உருவியாச்சா?” நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் அவர் கண்ணை மூடுவார்.

போன மாதம் என் மகளின் பிறந்தநாள். தமிழில் என்ன கேட்டாலும் ஹிந்தியில் பதில் சொல்கிற ஆறு வயதுக்காரி. மூப்பர் வாயைத் திறப்பதற்கு முன்பே, பிடுங்கிய டிவி வயரைத் தூக்கிக் காட்டி, “நிகால் தியா, தாத்தா!” என்றாள்.

வீடே சிரித்தது. ஷீபா கண்ணீர் வரச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதே விலைதான், அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியும்.