அமலம் பேரில் ஒரு சந்தா

நாற்பத்தோராவது வயதில், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் படி இறங்கும்போது, எழுத்தாளன் ஆகிவிடுவதென்று தீர்மானித்தேன். விளையாட்டுத் தீர்மானம் இல்லை. நான் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் கவர்மெண்டு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ராமதாஸ், ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, அடியில் அவர் பெயரும் அச்சாகி வந்துவிட்டது. சாக்கடைக்கே அந்த மரியாதை என்றால் என் சோகக் கதைகளுக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்? பாக்கியநாதன் என்ற பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். இந்த ஆசையில் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுத்தாளனுக்கு முதல் தேவை ஒரு நல்ல பத்திரிகைக்குச் சந்தா. பினாங்கு சூலியா தெருவில் மரைக்காயர் புத்தகக் கடை இருக்கிறது. மெட்ராஸ் கப்பலில் வரும் தமிழ்ப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அவர்தான் சந்தா வாங்கி அனுப்புவார். அவர் இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று மெட்ராஸிலிருந்து வரும் ‘கதாபோதினி’. கதை எழுதுவது எப்படி என்று மாதம் ஒரு பாடம். சந்தாதாரர் அனுப்பும் கதைகளை மட்டுமே பரிசீலிப்பார்கள். மற்றது சிங்கப்பூர்ப் பத்திரிகை. அதில் பின்னல் வேலை, ஊறுகாய், ஒரு பக்கம் சிரிப்புத் துணுக்கு.

என் மனைவி அமலம்மாளுக்குச் சிங்கப்பூர்ப் பத்திரிகைதான் பிடித்திருந்தது. நம்ம ஊர்ப் பேச்சு அவர்களுக்குத்தான் புரியும் என்றாள். இலக்கியம் என்பது ஊறுகாய் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். வழக்கமாக ஒரு வாரம் நடக்க வேண்டிய வாக்குவாதம். அவள் உடனே விட்டுக்கொடுத்தாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“மெட்ராஸ் பத்திரிகையே வாங்குங்க. ஆனா உங்க பேர்ல வேணாம். கவர்மெண்டு கிராணி பத்திரிகைக்கு எழுதக்கூடாதுன்னு உங்க துரை போன மாசம்தானே சுற்றறிக்கை விட்டாரு? என் பேர்ல கட்டுங்க,” என்றாள்.

புருஷன் வேலையின் மேல் இவ்வளவு அக்கறையா என்று என் கண் கலங்கிவிட்டது. என் திட்டமும் தயாராகிவிட்டது. முதலில் கதைகள் அவள் பெயரில் வரட்டும். புகழ் பரவட்டும். ஒரு நாள் பத்திரிகையே ‘உண்மையில் எழுதியவர் பாக்கியநாதன்’ என்று கொட்டை எழுத்தில் அறிவிக்கும். அன்றைக்கு வேலையைத் தூக்கி எறிந்துவிடலாம்.

என் கையெழுத்து எனக்கே புரியாது. அமலம் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே நான் எழுதுவது, அவள் படியெடுத்து அனுப்புவது. முதல் கதையைப் படியெடுக்கும்போது பேனாவை நிறுத்தினாள். கம்பம் என்றால் நமக்குத்தான் குடியிருப்பு, மெட்ராஸ்காரனுக்கு அது வெறும் மரம், மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள். ஒரு எழுத்தை மாற்றினாலும் என் ஆத்மா சாந்தியடையாது என்றேன். அவள் மாற்றவில்லை.

இரண்டு மாதத்தில் கதை திரும்பி வந்தது, கூடவே ஆசிரியர் கடிதமும்.

‘ஸ்ரீமதி அமலம்மாள் அவர்களுக்கு. தங்கள் கதாநாயகி கம்பத்திலே பிறந்து, கம்பத்திலே வளர்ந்து, கம்பத்திலேயே உயிர் விடுகிறாள். அவள் சர்க்கஸ்காரியா என்பது விளங்கவில்லை. கதாநாயகன் இரண்டு வெள்ளியை அவள் முகத்தில் வீசுகிறான். வெள்ளிக்கிழமையையா, வெள்ளிக் கிரகத்தையா? தயவு செய்து எங்கள் பாடங்களைப் படிக்கவும்.’

வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பணம் என்றுகூடத் தெரியாதவர் எனக்குப் பாடம் சொல்கிறார். பாடமா? எனக்கா? எழுத வராதவர்களுக்கு அல்லவா பாடம். நான் ஒரு பாடத்தையும் பிரிக்கவில்லை. அமலம்தான் அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். என் திறமையை வியக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாவது கதையும் மூன்றாவது கதையும் போன வேகத்தில் திரும்பின. நான்காவதில் கதாநாயகியைக் காசநோயில் சாகவைத்தேன். எழுதும்போதே விம்மி விம்மி அழுதேன். இது தப்பாது என்று தெரிந்தது.

அடுத்த கப்பல் வந்த அன்று மரைக்காயர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். வீட்டம்மா கதை வந்திருக்கிறது, கடையில் எல்லாரும் படித்தாகிவிட்டது என்றார். அழுதீர்களா என்று அடக்கமாகக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். ‘எங்கள் வீட்டு எழுத்தாளர். எழுதியவர்: அமலம்மாள், பினாங்கு.’ கதையில் ஒரு கிராணி. எழுத உட்கார்ந்தால் வீட்டில் தாளிக்கக்கூடாது, கோழி கத்தக்கூடாது. தான் எழுதியதைத் தானே படித்து, அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டாம் தடவை சோறு கேட்கிறார். அவர் பெயர் பாக்கியநாதன்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம் அவமானம். அமலம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என் கதை எங்கே?” என்றேன்.

“அதையும் அனுப்பினேங்க. ஒரே உறையிலதான் ரெண்டும் போச்சு. அவங்க இதைப் போட்டாங்க.”

“பேரையாவது மாத்தியிருக்கலாம்ல?”

“அச்சுல பேர் வராம கண்ணை மூட மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?” அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்ததாக நினைத்தாளோ என்னவோ. என் கோபம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

அப்போதுதான் பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்த ஆசிரியர் கடிதம் கீழே விழுந்தது. எடுத்துப் படித்தேன். ‘சந்தாதாரர் கதைகளிலேயே தங்கள் கதைதான் முதல் தரம். மாதம் ஒன்று அனுப்புங்கள். ஒரே ஒரு குறை. அந்தக் கணவர் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. இப்படி ஒரு மனிதர் உலகத்தில் இருக்க முடியாது. கொஞ்சம் குறைத்து எழுதவும்.’

எனக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, படித்த மனிதரே சொல்லிவிட்டார், நீ எழுதியதெல்லாம் மிகை என்று கடிதத்தை அவள் முன்னால் நீட்டினேன்.

அமலம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“குறைச்சுத்தாங்க எழுதியிருக்கேன்.”