ஒரு கப் டீக்கு மூன்று குடம்

குன்னூரில் எட்டு நாள் பயிற்சி முடிந்து மயிலாப்பூர் திரும்பிய ஜவஹர், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அறிவித்தார். இனி தன் வாயில் காபி படாது.

பயிற்சி என்னவோ இன்சூரன்ஸ் பற்றித்தான். ஆபீஸில் ஹெட் கிளார்க்குகளை வருஷத்துக்கு ஒரு தரம் மலைக்கு அனுப்பித் தூங்கவைப்பார்கள். ஆனால் ஏழாம் நாள் ஒரு டீ ஃபேக்டரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் நாற்பது கப்பை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, ‘ஸ்ர்ர்ரப்’ என்று உறிஞ்சி, பக்கத்துத் தொட்டியில் துப்பி, “இது கிழக்குச் சரிவு, இது மேற்குச் சரிவு” என்று சொல்லிக்கொண்டே போனார். ஜவஹர் அசந்துபோனார். துப்புவதற்குக்கூடச் சம்பளம் தருகிறார்கள் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. எட்டாம் நாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அந்த ஆள் பின்னாலேயே அலைந்து ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார்.

பாண்டி பஜாரில் வெள்ளைப் பீங்கான் கப் ஐந்து வாங்கினார். டார்ஜிலிங் இலை, அசாம் இலை, நீலகிரியில் பனிக்காலத்தில் பறித்த இலை, ஒரு பச்சை டீ என்று டப்பா டப்பாவாக அலமாரி நிறைந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். சரியாக ஐந்து நிமிஷம் ஊறவைப்பார். ‘ஸ்ர்ர்ரப்.’ மாடிப்படியில் படுத்திருக்கும் பூனை எழுந்து ஓடும்.

“இந்தா ஹம்சா, குடிச்சுப் பாரு. முதல்ல பூ வாசம் வரும். கடைசியில லேசா பழ வாசம்.”

ஹம்சா கப்பை வாங்கி உள்ளே பார்த்தாள். “பால் இல்லையா?”

“இதுல பால் ஊத்தக்கூடாது.”

“சக்கரை?”

“அதுவும் கூடாது.”

“எனக்கு ஜுரம்னு யாருங்க சொன்னது?”

“குடிச்சிட்டுப் பேசு.”

ஒரு வாய் குடித்தாள். ஜவஹர் அவள் முகத்தையே பார்த்தார். பரீட்சை ரிசல்ட் பேப்பரில் நம்பர் தேடுகிற மாதிரி பார்த்தார்.

“பூ வாசமும் வரல, பழ வாசமும் வரல. போரிங் வாசம்தான் வருது. துருப்பிடிச்ச குழாயை நக்கின மாதிரி இருக்கு.”

சுற்றி வளைப்பானேன், அவள் சொன்னது உண்மை. டீ கேவலமாக இருந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு மிதந்தது. நிறம் செத்துக் கிடந்தது. ஜவஹருக்கே விழுங்க முடியவில்லை. அதனால்தான் துப்பினார். நிபுணர்கள் துப்புவார்கள் என்பது அவருக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஹம்சா ஒரு வாய் குடித்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று சொல்லவேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் செய்த எதையும் அவள் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர் எதுவும் செய்ததுமில்லை. தெருமுனை அடிபம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் போதும், உடனே இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அந்த இடுப்பு வலி, பம்பு என்ற பேரைக் கேட்டால் மட்டும் வரும்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டு ஜுவேரியாவுக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன ஹம்சா அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

“பாய் டீ போட்டுக் குடுத்தாரு. நல்லா இருந்துச்சு.”

ஜவஹர் கையிலிருந்த பேப்பர் மடங்கியது.

“என்ன சொன்னே?”

“நல்லா இருந்துச்சுன்னேன். பூ வாசம், பழ வாசம்னு நீங்க சொல்வீங்களே, அது ரெண்டும் வந்துச்சு.”

ஜுவேரியாவின் வீட்டுக்காரர் வலியுல்லா பாய்க்கு லஸ் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. சாதுவான மனுஷன். அவருக்கு டீ என்றால் கடை வாசலில் கிளாஸில் வருவதுதான். “ஏது அவருக்கு இலை?” என்று ஜவஹர் கேட்டார்.

“நீங்க குடுத்ததுதாங்க. போன வாரம் பெருமையா அரைப் பாக்கெட் தூக்கிக் குடுத்தீங்களே, அந்த டார்ஜிலிங்.”

வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. அடுப்பில் ஏற்றின பாத்திரம் மாதிரி உள்ளே கொதித்தது. இலை இவருடையது. குன்னூர் போனது இவர். நோட்டு எழுதினது இவர். ‘நல்லா இருந்துச்சு’ மட்டும் மாடிக்குப் போய்விட்டது. ஹம்சாவோடு பாய் பேசிச் சிரித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் படியில் பாயை மடக்கினார்.

“எப்படி பாய் போட்டீங்க?”

“என்னத்த சார்?”

“டீ.”

“தண்ணி கொதிச்சுது, இலை போட்டேன், வடிகட்டினேன். ஏன் சார், எதுனா தப்பா?”

அமுக்கமான ஆள் என்று ஜவஹர் முடிவு கட்டினார். பாய் வீட்டில் பீங்கான் கெட்டில் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு அவரும் ஒன்று வாங்கினார். டீ மாறவில்லை. ஐந்து நிமிஷத்தை நாலாக்கினார், ஆறாக்கினார். மாறவில்லை. மாடியில் காற்று நன்றாக வருவதால் இருக்குமோ என்று மொட்டை மாடியில் ஸ்டவ்வை வைத்துப் போட்டுப் பார்த்தார். காற்றில் ஸ்டவ் அணைந்ததுதான் மிச்சம்.

மூன்று நாள் இந்தக் கூத்தைப் பார்த்த ஹம்சா, நாலாம் நாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். “உங்க நோட்டை எடுத்துப் பாருங்க. ஏழாம் பக்கம்.”

“என் நோட்டை நீ எதுக்குப் படிக்கறே?”

“அடுப்படியில கிடந்துச்சு, பொழுது போகல, படிச்சேன். அப்பப்போ பிடிச்ச நல்ல தண்ணியிலதான் டீ போடணும்னு உங்க கையெழுத்துல இருக்கு. கீழே ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க. நீங்க போர் தண்ணியில இல்ல போடறீங்க.”

“எப்படியும் கொதிக்கத்தானே போகுது?”

“கொதிச்சா உப்பு எழுந்து போயிடுமா?”

அந்த வீட்டில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் அடிபம்பில் பிடித்த நல்ல தண்ணீர். அதை ஹம்சாதான் தினம் ரெண்டு குடம் சுமந்து வருவாள். அதில் ஒரு சொட்டு டீக்குத் தரமாட்டாள்.

“பாய் எந்தத் தண்ணியில போடறாரு?” என்று கேட்டார்.

“அவரா? விடிகாலையில அவரே பம்புக்குப் போய்க் கையால அடிச்சுக் கொண்டுவர்றாராம். டீக்குத் தண்ணிதான் உயிருன்னு சொன்னாரு. உங்களுக்குத்தான் இடுப்பு வலி. விடுங்க, வேணாம்.”

அந்த ‘விடுங்க’தான் ஜவஹரைத் தூக்கி நிறுத்தியது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு பம்படியில் நின்றார். இஸ்திரி வண்டி அம்மாசி ஏற்கெனவே அங்கே வாளி வைத்திருந்தார்.

“இன்னா சார், ஊட்ல அம்மாவுக்கு உடம்பு சொகமில்லியா?”

“நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்ப உங்களுக்குத்தான் இன்னாவோ ஆயிகீது.”

பாயைக் காணவில்லை. வந்து போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அம்மாசியிடம் கேட்கலாம்தான். கேட்டால் மானம் என்ன ஆவது?

அந்தத் தண்ணீரில் போட்ட டீயைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். ஏடு இல்லை. தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. பூ வாசம் வந்தது, சத்தியமாக வந்தது. முதல் தடவையாகத் துப்பாமல் விழுங்கினார்.

ஹம்சா குடித்தாள். யோசித்தாள். “பரவால்ல.”

“பரவால்லையா?”

“முன்னைக்கு இப்ப தேவலாம். ஆனா பாய் டீ...”

“பாய் டீக்கு என்ன?”

“அவரு முதல் குடத்துல டீ போடமாட்டாராம். ராத்திரி பூரா குழாய்ல நின்ன தண்ணியாமே. அதை வேற வேலைக்கு வச்சுக்கிட்டு ரெண்டாவது குடத்துலதான் போடுவாராம்.”

அடுத்த நாள் ரெண்டு குடம் வந்தது. முதல் குடத்தில் ஹம்சா பருப்பு வேகவைத்து, பாத்திரம் கழுவினாள். அதற்கடுத்த நாள், உப்புத் தண்ணீரில் கழுவினால் பீங்கான் கப்பில் கறை பிடித்து ருசி கெடுகிறது என்று கண்டுபிடித்தாள். கப் கழுவ மூன்றாவது குடம் வந்தது. ஐந்து கப் கழுவ ஒரு குடம் எதற்கு என்று ஜவஹர் கேட்டார். மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

“பாய் எத்தனை மணிக்குப் போறாரு?” என்று ஒரு நாள் கேட்டார்.

“அஞ்சுக்கு முன்னாடியே வந்துடறாராம்.”

ஐந்து மணி நாலே முக்காலானது. நாலே முக்கால் நாலரையானது. எவ்வளவு சீக்கிரம் போனாலும் பாய் அதற்கும் முன்னால் வந்து போயிருந்தார். மூன்று நடை. இடுப்பு வலி எங்கே போனது என்று ஜவஹருக்கே தெரியவில்லை. பம்பு அடிக்கும்போதெல்லாம் மாடியில் பாய் காலாட்டிக்கொண்டு டீ குடிக்கும் காட்சி கண்முன் வரும். அந்தக் கோபத்தில் அடித்த அடியில் குடம் நாற்பது அடியில் நிரம்பும். ஹம்சாவோ ‘பரவால்ல’யிலிருந்து ‘நல்லா’ வரைக்கும் வந்து, ‘இருக்கு’க்கு முன்னால் நிறுத்திவிடுவாள். “நல்லா... என்னமோ ஒண்ணு குறையுதுங்க.”

பத்தாவது நாள் பம்படிக்குப் போனால், கையில் பெரிய பித்தளைக் குடத்தோடு வலியுல்லா பாய் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்து, தலை கலைந்து, தூக்கம் கெட்ட முகம்.

“மாட்டினீங்களா” என்றார் ஜவஹர்.

“நீங்கதான் சார் மாட்டினீங்க” என்றார் பாய். பாய் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. “ஒரு வாரமா எங்க வீட்ல உசுர வாங்கறாங்க. கீழ் வீட்டு சார் டீ போட்டா வாசம் மாடி வரைக்கும் வருது, நீங்களும் போடறீங்களே ஒரு டீன்னு. கேட்டா, சார் தன் கையாலயே தண்ணி எடுக்கறாரு, நீங்க குறட்டை விடறீங்கன்னு. நான் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கிக்கிட்டிருந்தேன் சார்.”

“என்னது, தூங்கிக்கிட்டிருந்தீங்களா? தினமும் நாலரைக்கே வந்து நீங்கதானே எடுக்கறீங்க?”

“நானா?”

வாளியைத் தூக்கப்போன அம்மாசி அதைக் கீழே வைத்தார். “பாயா? அவரு இன்னிக்குத்தான் சார் மொத தபா வர்றாரு. இத்தினி வருசமா அந்த ஊட்டம்மாதான் எடுத்துக்கினு போவும். உங்க ஊட்டம்மாவும் அதும் ஒண்ணாத்தான் வருவாங்க, பேசிக்கினே போவாங்க. பத்து நாளா ரெண்டு பேரையும் காணோம்.”

ஜவஹர் பாயின் பக்கம் திரும்பினார்.

“அந்த ஞாயித்துக்கிழமை டீ?” என்றார் ஜவஹர்.

“நான்தான் போட்டேன். தண்ணி அவங்க எடுத்தது.”

இருவரும் அங்கேயே ஒப்பந்தம் போட்டார்கள். நாளையிலிருந்து யாரும் வரக்கூடாது. கை குலுக்கினார்கள். அம்மாசி சாட்சி. பிடித்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று அன்றைக்கு மட்டும் சுமந்துகொண்டு வந்தார்கள்.

வந்தால், மாடிப்படியில் மேல்படியில் ஜுவேரியா, கீழ்ப்படியில் ஹம்சா. நடுவில் பூனை. இருவர் கையிலும் டபரா டம்ளர். வாசம் தெருவரைக்கும் அடித்தது. அது டீ வாசம் இல்லை.

“என்ன ஹம்சா இது?”

“காபிங்க. நல்ல தண்ணியில டிகாக்‌ஷன் எப்படி இறங்குது தெரியுமா? முன்னெல்லாம் ரெண்டு குடத்துல சமையலுக்கே இழுபறி. இப்பதான் தாராளமா இருக்கு, கப் கழுவினது போக மீதி மாடிக்கும் போகுது.”

“எனக்கும் ஹம்சாதான் ஃபில்டர்ல போடக் கத்துக்குடுத்தா” என்றாள் ஜுவேரியா பாயைப் பார்த்து.

ஜவஹர் குடத்தை டமாலென்று கீழே வைத்தார். “எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து நானும் போகமாட்டேன், பாயும் போகமாட்டார். சொல்லுங்க பாய்.”

“போகமாட்டேன்” என்றார் பாய், ஜுவேரியாவைப் பார்க்காமல்.

ஹம்சா வாதாடவே இல்லை. டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தாள்.

“சரிங்க. நாளைக்கு நாங்களே போறோம். பத்து நாள் எடுத்ததே பெரிசு.” எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். “ஆனா அக்கா, நேத்து ரெண்டு வீட்டு டீயையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பாத்தோமே, அதுல ஒண்ணு நெஜமாவே நல்லா இருந்துச்சு இல்ல?”

“ஆமா. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“யாருது?” என்றார் ஜவஹர்.

“யாருது?” என்றார் பாய்.

“அதான் ரெண்டு பேரும் நிறுத்திட்டீங்களே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” ஹம்சா டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பூராவும் ஜவஹர் ஆபீஸில் ஒரு ஃபைலும் பார்க்கவில்லை. மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு, விளக்கைப் போடாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்று குடத்தோடு பூனை மாதிரி தெருமுனைக்கு நடந்தார்.

வரிசையில் அவருக்கு இரண்டாவது இடம்தான் கிடைத்தது.