சிவப்பு வீடு

மின்வாரிய அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த ஊர் வரைபடத்தில் அவர் வீடு சிவப்பாக இருந்தது. எதிர்வரிசையில் மச்சான் வீடு பச்சை.

முப்பது வருடம் நாற்சந்தியில் நின்று ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எந்த மாடியில் எவ்வளவு சூரிய மின்சாரம் எடுக்கலாம் என்று ஆராய்ந்து, வீட்டுக்கு வீடு நிறம் கொடுத்திருந்தார்கள். தேறும் வீட்டுக்குச் சோலார் தகடு இலவசம். தினமும் மத்தியானம் கரண்ட் போய், மனைவியின் தையல் மெஷின் பாதிக் காலரில் நின்றுவிடுகிறது. இந்த மாதத்தோடு அதற்கொரு முடிவு கட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"மரத்துக்கு அடியில கிடக்குற வீடு பச்சை, கால் வெச்சா பொசுங்குற மாடி சிவப்பா? ஊருக்கே சிக்னல் போட்டவன்கிட்டயே சிக்னல் போடுறீங்களா?"

குமாஸ்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் உள்ளங்கையை நீட்டினார். லாரிகளை நிறுத்திய கை அது, குமாஸ்தா எம்மாத்திரம்.

மறு ஆய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மாடியில் நிழல் விழுகிறதா என்று தேடினார். தண்ணீர்த் தொட்டி அகப்பட்டது. அதைக் கீழே இறக்கினார். குழாயில் தண்ணீர் நின்றது; மனைவி குடம் தூக்க ஆரம்பித்தாள். ட்ரோன் வந்து படம் எடுத்துப் போனது. வரைபடத்தில் வீடு முன்னைவிடச் சிவந்தது.

விடுவாரா? மாடியில் மனைவி தைக்கும் கொட்டகையின் கூரையைப் பிரித்தார். அவள் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பட்டன் தைத்தாள்.

"ஏங்க, மண்டை காயுது."

"காயட்டும். நாளைக்கு நீதான் எனக்குச் சாட்சி."

அடுத்த படத்தில் வீடு ரத்தச் சிவப்பாகிவிட்டது. மச்சான்தான் யாரையோ பிடித்திருக்கிறான் என்று அவருக்கு உறுதியாயிற்று. மறுநாள் காலை மடக்கு நாற்காலியோடு போய் அதிகாரியின் மேஜை முன் உட்கார்ந்தார். வீடு பச்சையாகாமல் எழுந்திருப்பதில்லை என்று அறிவித்தார். அதிகாரி மூன்று முறை விளக்க முயன்றார். மூன்று முறையும் உள்ளங்கை. கடைசியில் அதிகாரியே பெருமூச்சு விட்டு, இவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு நிறத்தை மாற்றினார்.

காவலர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார். மச்சான் வீட்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். வாசலில், குடத்தை இறக்கிய மனைவியிடம் சொன்னார்: "இந்தக் கைக்கு முன்னாடி எவனும் நகர முடியாதுடி."

அப்போது ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பின்னால் நீலத் தகடுகள் அடுக்கியிருந்தன. எலக்ட்ரீஷியன் பெண் இறங்கி, கையிலிருந்த போனையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இந்தத் தெருவுலயே நல்ல வெயில்னு உங்க வீடு ஒண்ணுதான் சிவப்புல இருந்துச்சு, அதான் முதல்ல இங்க வந்தோம், இப்ப திடீர்னு நிழல்னு பச்சை காட்டுதே, காலையிலேர்ந்து மாடியில மரம் ஏதாவது முளைச்சிருச்சா?"