கடைமடை டி.வி.

உலகத்தில் நடக்கும் சகல அநியாயங்களுக்கும் தலைமடைக்காரன்தான் காரணம் என்று நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதர், கும்பகோணத்தில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். வாய்க்காலில் முதலில் தண்ணீர் வாங்குகிறவன் தலைமடைக்காரன். அவன் வாங்கி, தூங்கி, எழுந்து, மனசு வந்து மிச்சம் விட்டால் அதில் கால் நனைக்கிறவன் கடைமடைக்காரன். கையில் இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அவர் பெட்ரோல் விலை, பல்வலி, மருமகள்களின் கோபம் என்று எதை வேண்டுமானாலும் விளக்குவார். விளக்கம் கேட்டவர்கள் யாரும் இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

பாசன வாய்க்கால்களில் ஷட்டரை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று உத்தரவு போடும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் பெயர் ஷட்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட ‘ஷட்டர் சார் வீடு’ என்றுதான் விசாரிப்பார்.

உத்தியோகத்தில் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நீடாமங்கலம் பக்கம் வேலையில் இருந்தபோது தவறான ஷட்டரைத் திறக்கச் சொல்லி, ஒரு பொதுக்கூட்டத் திடலுக்குப் பாசனம் செய்தவர். ஜனங்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்த பேச்சாளர், தன் பேச்சுக்குத்தான் எழுச்சி வந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் பேசினாராம். கேட்டால் ஷட்டர் சளைக்க மாட்டார். “திடல பள்ளத்துல வெச்சது அவங்க. தண்ணி பள்ளத்துக்குப் போவாம மேடைக்கா போவும்?” என்பார்.

இதய டாக்டர் ஒருவர் இவரைச் சோதித்துவிட்டு, வால்வில் லேசாகக் கசிவு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எத்தனை கன அடி என்று கேட்டார் ஷட்டர். டாக்டர் ரத்தக் கொதிப்புக்கு அன்றே மாத்திரை ஆரம்பித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஷட்டருக்கு இல்லை, தனக்கு.

ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குக் கடைசி இலை வாய்த்தது. முதல் இலையில் புறப்பட்ட பாயசம் நடுப் பந்தியைத் தாண்டுவதற்குள் வாளி காலி. ஷட்டர் எழுந்து, பரிமாறுகிறவரின் கரண்டியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாளி கடைசி இலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இது முறைப்பாசனம் என்றார். இரண்டாம் சுற்றுக்காக முதல் இலைகளில் காத்திருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அந்த இரு வீட்டாருக்கும் இன்றுவரை பேச்சு வார்த்தை சரியில்லை என்று கேள்வி.

இப்பேர்ப்பட்ட மனிதரை எங்கள் வீட்டு டி.வி. விஷயத்தில் தலையிட நான் கூப்பிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஒரே பெண் நித்யா லண்டனில் இருக்கிறாள். அவளுக்கு வளைகாப்பு. அவளால் விமானம் ஏறி வர முடியாது. என் மனைவி விஜயாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவளாலும் போக முடியாது. வளைகாப்பு என்பது தள்ளிப்போடக்கூடிய காரியமும் அல்ல, குழந்தை காத்திருக்காது. அங்கே மாமியார் வீட்டார் செய்வது, மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கேமரா வைத்து நேரலையாக அனுப்புவது, நாங்கள் இங்கிருந்தே பார்ப்பது என்று ஏற்பாடு.

“போன்ல வேண்டாங்க” என்றாள் விஜயா. “போன்ல அவ நகத்தளவு தெரியறா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ கையில வளையல் ஏறும்போது முகத்தைப் பாக்கணும். அவ்வளவுதான்.”

இதற்கு ஒரு நல்ல கணவன் சரி என்று சொல்லியிருப்பான். நான் தெருவையே அழைத்துவிட்டேன். உறவுக்காரர்கள், ஆபீஸ் ஆட்கள், மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் “பெரிய டி.வி.யில லைவா பாக்கலாம், வாங்க” என்று ஏதோ டி.வி.யைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற தோரணையில் சொல்லி வைத்தேன். அதன் பிறகுதான் எங்கள் டி.வி.யைத் திரும்பிப் பார்த்தேன். நித்யா காலேஜில் படித்தபோது வாங்கியது. இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாத அப்பாவி. புது டி.வி. வாங்கலாம் என்றால் விஜயா ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாக ஓடுகிறதை ஏன் தூக்கிப் போட வேண்டும் என்றாள். அந்த நியாயத்தில்தான் அவள் என்னையும் வைத்திருக்கிறாள் என்பதால் நான் வாதாடவில்லை.

டி.வி.யில் ஏதாவது ஒன்றைச் செருகினால் இன்டர்நெட் வந்துவிடும் என்றார்கள். எதைச் செருகுவது என்பதில்தான் என் நிம்மதி போயிற்று. ஆபீஸில் ஒருவர் குச்சி மாதிரி ஒன்று வருகிறது, அதுதான் என்றார். என் தம்பி மகன், குச்சியெல்லாம் சூடாகிவிடும், பெட்டி வாங்குங்க பெரியப்பா என்றான். கேபிள்காரர், எல்லாம் எங்கள் பெட்டியிலேயே வரும் என்றார். என்ன வரும் என்று கேட்டதற்கு, வரும் என்றார். வாங்கியவர்கள் எழுதிய விமரிசனங்களைப் படித்தேன். ஒரே சாமானை ஒருவர் அருமை என்கிறார், அடுத்தவர் ஏமாந்துவிடாதீர்கள் என்கிறார், மூன்றாமவர் டப்பா உடைந்து வந்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை. விஜயா படித்தால் இந்த வரியை அடித்துவிடுவாள்.

என் முகத்தில் தெரிந்த கலவரத்தை இரண்டு வீடு தள்ளியிருந்து மோப்பம் பிடித்து வந்தார் ஷட்டர். டி.வி.யை ஏறிட்டுப் பார்த்தார். அது மாட்டியிருந்த சுவரைத் தட்டினார். பிறகு வாசலுக்குப் போய், தெருக்கோடிக் கம்பத்திலிருந்து இன்டர்நெட் ஒயர் எந்தெந்த வீட்டைத் தாண்டி வருகிறது என்று ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

“தம்பி, இது கடைமடை டி.வி.” என்றார்.

ஒயருக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமில்லை, இது வேறு சமாசாரம் என்று நான் சொன்னேன். என் பெண்ணின் வளைகாப்பு, என் டி.வி., நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதையும் நாசூக்காகச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க கடைக்குப் போவோம் என்றார்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. குச்சியையும் பெட்டியையும் எடுத்து மேஜையில் வைத்து, இது நாலு கே சார், படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றாள். ஷட்டர் குச்சியை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார்.

“இதுல எவ்வளவும்மா நிக்கும்?”

“எட்டு ஜி.பி. சார்.”

“எட்டா? குட்டைல இதுக்கு மேல நிக்குமே. சரி, வரத்து எவ்வளவு?”

“வாராவாரம் வருது சார். ஸ்டாக் நிறைய இருக்கு.”

ஷட்டர் என்னைப் பார்த்தார். இந்த நாடு எப்படி உருப்படும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அந்தப் பெண் சளைக்காமல் என்னிடம் திரும்பி, உங்கள் டி.வி. பழையது, நாலு கே காட்டாது, அதற்காகப் பெரிய பெட்டி வாங்குவது வீண், சின்னக் குச்சியே போதும் என்றாள். சுவருக்கும் டி.வி.க்கும் நடுவில் இடம் குறைவாக இருந்தால் செருகுவதற்கு ஒரு குட்டி ஒயர் கூடவே வருகிறது என்றாள். முக்கியமாக வீட்டில் நெட் ஒழுங்காக வரவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் நான் நம்பவில்லை. காரணம், அவள் நிதானமாக இருந்தாள். பதறிக்கொண்டிருப்பவனுக்கு நிதானமாக இருப்பவர்களைக் கண்டாலே சந்தேகம்.

ஷட்டர் இரண்டையும் நிராகரித்தார். “வாய்க்கால்ல தண்ணி இல்லாதப்ப தங்கத்துல ஷட்டர் போட்டு என்ன பண்ணப்போற?” என்று மேஜையைத் தட்டிக் கேட்டார். பக்கத்தில் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெதுவாக வெளியேறியது. அவரை வாயடைக்கச் செய்ய வேண்டும் என்கிற ஒரே நோக்கத்தில், கடையிலேயே பெரிய நம்பர் போட்டிருந்த பெட்டியை வாங்கினேன். அவரை வீட்டில் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போய்க் குச்சியையும் வாங்கினேன். ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்கட்டுமே. மேஜையில் இரண்டும் இருப்பதைப் பார்த்த விஜயா, “நித்யாவுக்கு ஒண்ணுதான்னு டாக்டர் சொன்னார். நீங்க எதுக்கு ரெட்டையாப் பெத்துட்டு வந்திருக்கீங்க?” என்றாள்.

முந்தைய நாள் ஒத்திகை பார்த்தோம். ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கியதில் கட்டைவிரல் தேய்ந்தது உண்மை. ஆனால் படம் வந்தது. லண்டனில் மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துக் கை ஆட்டியது, அவர் சட்டையில் கஞ்சி போட்டிருந்தது வரை தெளிவாகத் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஷட்டரிடம், பாத்தீங்களா சார் என்றேன். நான் அப்போது சிரித்த சிரிப்பு அவ்வளவு பண்பானது அல்ல.

“இன்னிக்கு வரும் தம்பி. ஊருல யாரும் நடவு நடாத அன்னிக்குக் கடைமடைக்கும் தண்ணி வரத்தான் செய்யும். நாளைக்குப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம், அதாவது லண்டனில் காலை, வீடு நிறைந்தது. கலந்த சாதங்கள், வளையல் தட்டு எல்லாம் தயார். விஜயாவை டி.வி.க்கு நேர் எதிரே காலை நீட்டி உட்காரவைத்திருந்தோம். விருந்தோம்பலில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வாசல் மேஜையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்து, செம்புக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் எங்கள் வைஃபை பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதி நிறுத்தியிருந்தேன். வருகிறவர்கள் அதைத்தானே முதலில் கேட்கிறார்கள். பன்னீர் தெளித்துக்கொண்டார்கள், சந்தனம் தொட்டுக்கொண்டார்கள், பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டார்கள்.

நித்யா வந்து மணையில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவையில் வயிறு எடுப்பாகத் தெரிந்தது. விஜயா, எப்படி இளைத்திருக்கிறாள் பாருங்கள் என்றாள். ஒருத்திகூட ஒப்புக்கொள்ளவில்லை. நித்யா கையை நீட்டினாள். அவள் மாமியார் முதல் வளையலை எடுத்தார். படம் நின்றது. திரையின் நடுவில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

நான் ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினேன். பெட்டியைப் பிடுங்கிக் குச்சியைச் செருகப் போனேன். சுவர் இடித்தது, செருக முடியவில்லை. குட்டி ஒயர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டி.வி.யின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன், அதற்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியாது. மறுபடி பெட்டியைச் செருகினால் மறுபடி வட்டம். மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். நித்யா கையை மடக்கிக்கொண்டுவிட்டாள், அம்மாவுக்குத் தெரிகிறவரை போடக் கூடாது என்கிறாள், ஆனால் நல்ல நேரம் முடியப்போகிறது, அதிக நேரம் தாமதிக்க முடியாது மாமா என்றார். விஜயா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஷட்டரின் குரல் கேட்டது. செம்புப் பக்கத்தில் இருந்த அட்டையைக் கையில் எடுத்திருந்தார்.

“யாரு வெச்சது இத? தலைமடைலயே கரைய வெட்டி விட்டுட்டு, உள்ள வந்து டி.வி.யக் குட்டிக்கிட்டிருக்கீங்களே. நீங்கல்லாம் படிச்சவரா தம்பி?”

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் அண்டாவை நீட்டினார். என் சகலை கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசி ஓவர் என்று கெஞ்சினார். கெஞ்சும்போதே போன் அண்டாவுக்குள் விழுந்தது. மாடி வீட்டம்மா செய்துகொண்டிருந்த காரியத்தைப் பார்த்துத்தான் ஷட்டரே ஒரு கணம் அசந்துபோனார். அந்த அம்மாள் பேராவூரணியில் இருக்கும் தன் தங்கைக்கு வீடியோ கால் போட்டு, எங்கள் டி.வி.யைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வட்டம் சுற்றுவதை அந்தப் பக்கம் தங்கை குடும்பமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏம்மா, வாய்க்காலே காஞ்சு கிடக்கு. அதுலேருந்து நீங்க தனியா ஒரு வாய்க்கால் வெட்டி பேராவூரணிக்குக் கொண்டுபோறீங்களா?”

அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். கடைசியாக என் போனையும் பிடுங்கினார். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வட்டம் ஒரு சுற்று சுற்றியது. பாதியில் நின்றது. நித்யா வந்துவிட்டாள். கையை மடக்கிக்கொண்டு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தவள், நல்ல நேரம் முடிகிறது என்று அங்கே யாரோ சொன்னதும் மெதுவாகக் கையை நீட்டினாள். முதல் வளையல் ஏறியது. விஜயா முகத்தைப் பார்த்தாள், முழுசாகப் பார்த்தாள். பச்சையும் சிவப்புமாக இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் ஏறுகிறவரை படம் ஒரு தரம்கூட நிற்கவில்லை. நான் அழவில்லை. கண்ணில் பன்னீர் பட்டுவிட்டது.

எல்லாம் முடிந்து, எல்லோரும் சாதத்துக்குப் பாயும்போதுதான் போன்கள் நினைவு வந்தது. வாசலுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், அண்டாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஷட்டர். உள்ளே போன்கள் அதிர்ந்து அண்டா தேன்கூடு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்து வடிந்திருந்தது. உள்ளே வந்து பார்க்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, கூப்பிட எங்களுக்கும் தோன்றவில்லை.

“கடைசி வரைக்கும் போச்சா?” என்று கேட்டார்.

“போச்சு சார்” என்றேன்.

அப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா என்றால் இல்லை. சாப்பாட்டுப் பந்தியைக் கடைசி இலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லித் தகராறு பண்ணிவிட்டுத்தான் போனார்.

போன வருஷம் அவருடைய மகன் வந்து ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். தெரு நிம்மதியாக இருக்கிறது. பந்திகள் முதல் இலையிலிருந்து நடக்கின்றன. போன வாரம் போன் செய்தார். மகன் வீட்டில் டி.வி. சுவர் அகலம் இருக்கிறதாம், ஏதோ புதுப் பெட்டி போட்டிருக்கிறார்களாம், வட்டமே வருவதில்லையாம். ஏதோ கெட்ட செய்தி சொல்கிற குரலில் சொன்னார்.

“எல்லாம் தானா ஓடிக்கிட்டே இருக்கு தம்பி. இங்க நான் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க டி.வி. எப்படி இருக்கு?”

எங்கள் டி.வி.யில் அந்த நேரம் பேரன் லண்டனில் தவழ்ந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு விரலும் தெளிவாகத் தெரிந்தது. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

“சுத்திக்கிட்டே இருக்கு சார்” என்றேன். “என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குது. நீங்க ஒரு நடை வந்து பாத்தாத்தான் ஆவும்.”