எனக்கு வராத வலிப்பு

இல்லாத குணத்தை ஒருவன் தலையில் கட்டுவது ஊர் வழக்கம். என் தலையில் ஊர் கட்டியது ஒரு நோய். அதற்காக நான் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, காப்பி காயப்போட்ட களத்தில் விழுந்து புரண்டு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவன் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நரம்பியல் பேராசிரியர் விடுமுறைகளில் மாணவர்கள் சிலருக்கு மூளை ஆராய்ச்சியில் பயிற்சி கொடுப்பார். அந்தப் பொங்கல் விடுமுறையில் சேர்வராயன் மலை ஊர்களில் காக்கா வலிப்பு யார் யாருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவர அனுப்பினார். இருப்பவர்களுக்கு ஏற்காட்டில் முகாம் போட்டு இலவசமாக மாத்திரை கொடுப்பதாகத் திட்டம். நன்றாகச் செய்கிறவனைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார் என்றும் பேச்சு. மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் மெஷின் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுடன் நான் நிற்பது போல அடிக்கடி நினைத்துப் பார்த்துக்கொள்வேன் (கனவுக்கு மார்க் உண்டென்றால் எனக்குத் தங்கப் பதக்கமே கிடைத்திருக்கும்).

கிளம்பும்போது பேராசிரியர் சொன்னது கொஞ்சம்தான். "கேளு. பாரு. உள்ளதை எழுது. அதுக்கு மேல எதுவும் செய்யாதே." அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

தலைச்சோலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் ஜீப் என்னை இறக்கிவிட்டது. எந்த வாசலில் நின்று கேட்டாலும், "எங்க ஊட்ல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றே பதில் வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை. காப்பி கொடுத்தார்கள், கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். வலிப்பை மட்டும் கொடுக்க மறுத்தார்கள். வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள், பையனுக்கு யாரும் பெண் தரமாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. பாவம், இவர்களுக்கு வலிப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று முடிவுகட்டினேன்.

பழனியம்மாள் வீட்டில்தான் என் முடிவு உறுதிப்பட்டது. அவர் மகள் செல்விக்குப் பதினாறு வயது இருக்கும். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீக்காயத் தழும்பு. அடுப்படியில் வலிப்பு வந்து விழுகிறவர்களுக்கு இப்படிக் காயம் படும் என்று பாடத்தில் படித்திருந்தேன். கேட்டேன். கஞ்சிப் பானை கவிழ்ந்துவிட்டது என்று சொல்லிப் பழனியம்மாள் பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டார். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம், எஸ்டேட் வேலைக்கும் அனுப்புவதில்லையாம். அடுத்த முறை அவள் முகம் குப்புற அடுப்பில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் அந்த யோசனை பிறந்தது.

கல்லூரி நாடகங்களில் நான் செத்து விழுந்தால் கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஆகவே, வலிப்பு எப்படி இருக்கும் என்று நடித்தே காட்டிவிடுவது. முதலில் விழுவது, பிறகு எழுந்து விளக்குவது (முதலில் விளக்கிவிட்டு விழவேண்டும் என்று இன்று எனக்குத் தெரிகிறது).

களத்தில் ஆணும் பெண்ணுமாகக் காப்பிப் பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன். ஒரு கத்துக் கத்தினேன். விறைத்தேன். விழுந்தேன். கையும் காலும் பாடப்புத்தகத்தில் சொன்ன வரிசை பிசகாமல் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் போட்ட பிஸ்கட்டை மறந்திருந்தேன். அது கரைந்து நுரையாக வழிந்ததில் நடிப்பு களைகட்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. யாரோ என் இடது கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை (நிற்காது, அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போகும்). அது போதாது என்று ஊர்க்கவுண்டர் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து வலது கையில் வைத்து அழுத்தினார். வேறொருவர் செருப்பைக் கழற்றி மூக்கில் வைத்தார். அதற்குமேல் நடிக்க எந்த நடிகனாலும் முடியாது. எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமில்லை, சும்மா நடித்துக் காட்டினேன் என்றேன்.

கவுண்டர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "ஆமாங்க. எந்திரிச்சதும் எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றார்.

எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு நம்பினார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த பழனியம்மாள் வீட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டு வேலைக்குப் போனார்கள். பழனியம்மாள் காப்பி கொண்டுவந்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சாமி, உங்களுக்கு எத்தன வயசுல இருந்துங்க?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது உள்வாசலில் செல்வி நிற்பதைப் பார்த்தேன். காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்காத பெண், இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இருந்தும் டாக்டருக்குப் படிக்க உட்டாங்களா?" என்று கேட்டாள்.

"விட்டாங்க" என்றேன். "பன்னிரண்டு வயசுல இருந்து இருக்கு."

"எனக்குப் பதினொண்ணுங்க" என்றாள் செல்வி. பழனியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் ஏற்காட்டு முகாமுக்கு அந்த ஊரிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். டாக்டருக்கே இருக்கும்போது நமக்கு என்ன வெட்கம் என்று பேசிக்கொண்டார்களாம். பேராசிரியர் செல்வியைப் பரிசோதித்து மாத்திரையைக் கொடுத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. பழனியம்மாள் என்னைக் காட்டி, "அவருக்கும் குடுங்க, ஏனுங்க. அவரு போட்டாத்தான் இவ போடுவா" என்றார்.

பேராசிரியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இன்னொரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "போடு" என்றார். போட்டேன். செல்வியும் போட்டாள். சேலத்தில் இறங்கவேண்டிய நான் அந்த மாத்திரையின் தயவில் பஸ்ஸிலேயே தூங்கி, ராசிபுரத்தில் கண்டக்டர் உலுக்கி எழுப்பிய பிறகுதான் விழித்தேன்.

என் பயிற்சி அதோடு முடிந்தது. பொய் சொல்பவன் ஆராய்ச்சிக்கு ஆகமாட்டான், நோயாளியாக வேண்டுமானால் இருந்துகொள் என்றார் பேராசிரியர். படிப்பு முடியும்வரை மாதாமாதம் ஏற்காட்டுக்குப் போய், செல்விக்கு முன்னால் நின்று வைட்டமின் மாத்திரை விழுங்கினேன். அந்த மெஷின் பக்கத்தில் வேறொருவன் நின்றான். அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

மலையிலிருந்து செய்தி கீழே இறங்க பஸ் டிக்கெட் தேவையில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில், பையனுக்கு இழுப்பு உண்டாமே என்று விசாரித்துவிட்டு ஜாதகத்தைத் திருப்பினார்கள். கடைசியில் ஒரு பெண் மட்டும் என்னிடமே கேட்டாள். கதையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டு முடித்து, "எங்க வீட்ல நிறைய சாவி இருக்கு, பயப்படாதீங்க" என்றாள். அவளைத்தான் கட்டினேன்.

பல வருடம் கழித்து அவளோடு ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். தழும்பைப் பார்த்துத்தான் செல்வி என்று தெரிந்தது. அவளுக்கு வலிப்பு நின்று நொம்ப வருஷம் ஆயிற்றாம், மாத்திரையையும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டாராம். உங்களுக்கு எப்படிங்க என்று கேட்டாள். "இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கார்" என்றாள் என் மனைவி, முகம் மாறாமல்.

செல்வியின் கண் கலங்கிவிட்டது. இடுப்பில் செருகியிருந்த ஒரு பழைய இரும்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்து மூடினாள்.

"எனக்கு இனி வேண்டாமுங்க. நீங்க வெச்சுக்குங்க. ஒரு நாளும் உட்டுறாதீங்க, உங்களுக்கும் நின்னுரும்."

அந்தச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நான் கோபத்தில் குரலை உயர்த்தினால் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துபோய் அதை எடுத்துவந்து என் கையில் வைப்பார்கள். இரும்பால் எதுவும் நிற்காது என்று படித்தவன் நான். ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.